வக்கீல் ஒப்பீனியனை நம்பி வீடு வாங்கினோம், இப்போது பங்கு கேட்டு சம்மன் வந்திருக்கிறது

கேள்வி: 2023 நவம்பரில் திருச்சிக்குப் பக்கத்தில் ஐந்தரை சென்ட் மனையோடு ஒரு வீட்டை 42 லட்ச ரூபாய்க்கு வாங்கினோம். அதில் 25 லட்சம் வங்கிக் கடன். விற்றவரின் அப்பா 1986-ல் சொந்தப் பணத்தில் கிரயம் பெற்ற இடம். 2009-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அவர் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 2011-ல் தம்பி தன் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டாவும் அண்ணன் பேருக்கு மாறிவிட்டது. அந்த அண்ணனிடம்தான் வாங்கினோம். என் கணவரின் பள்ளி நண்பரான வக்கீல் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 8.11.2023 தேதியிட்ட லீகல் ஒப்பீனியனில் சொத்து சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். 27-ம் தேதி பத்திரம் முடித்தோம். போன வாரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. விற்றவருக்கு ஒரு அக்கா இருக்கிறாராம், மூன்றில் ஒரு பங்கு கேட்டு வழக்கு. புரோக்கர் அப்போதே, "அக்கா ஒருத்தி இருக்கு, கட்டிக்கொடுத்து சீரெல்லாம் செஞ்சாச்சு, பிரச்சினை வராது" என்று சொன்ன ஞாபகம். வக்கீலிடம் கேட்டால், "நீங்க கொடுத்த பத்திரத்தை வச்சுத்தான் எழுதினேன். ஃபீஸ் வேண்டாம், இந்தக் கேஸை நானே நடத்தித் தர்றேன்" என்று வக்காலத்தில் கையெழுத்து கேட்கிறார். நுகர்வோர் கோர்ட்டில் அவர் மேல் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கேட்கலாமா? பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா? நண்பர் என்பதால் என் கணவருக்குச் சங்கடமாக இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து அந்த அம்மா பங்கு கேட்பது செல்லுமா? ஒப்பீனியன் நகலையும் அனுப்பியிருக்கிறேன். — ஒரு வாசகி, திருச்சி

பதில்: வணக்கம் அம்மா. முதலில், அந்த வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பாகப்பிரிவினை வழக்கில் வரப்போகும் முக்கியமான கேள்வியே, வாங்குவதற்கு முன் நீங்கள் என்ன விசாரித்தீர்கள் என்பது. அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் அவர். தன்னுடைய தவறை வெளியே கொண்டுவரும் பதிலை எந்த வக்கீலும் தன் கையால் தயார் செய்ய மாட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது உங்கள் தரப்புப் பதில், போட வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை போகும். வாய்தாவுக்கு ஆளே போகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிடும். நஷ்டஈடு பற்றி யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த அம்மா கேட்பது செல்லுமா என்றால், பெரும்பாலும் செல்லும். இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பெண்ணுக்குச் சொத்துரிமை தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுக்க 2005-லும் வந்தது என்று பேசிக்கொள்கிறோம் அல்லவா, அது பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனும் மகளும் சம பங்கு என்பது 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்ற கேள்வியே அங்கே இல்லை. எத்தனை பவுன் போட்டார்கள், என்ன சீர் செய்தார்கள் என்பதற்கும் சட்டத்தில் மதிப்பில்லை. தன் பங்கை அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அது பதிவான பத்திரமாக இருக்க வேண்டும். பதினைந்து வருஷம் கழித்து வருகிறாரே என்றால், கூட்டு வாரிசுகளில் ஒருவர் வீட்டில் இருப்பது எல்லோருக்காகவும் இருப்பதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். "உனக்கு இதில் பங்கே இல்லை" என்று அவருக்குத் தெரியும்படி மறுத்து, அதற்கப்புறம் 12 வருஷம் ஓடியிருந்தால்தான் வேறு பேச்சு.

ஆகவே மூன்று வாரிசுகள். அண்ணன் பங்கும், தம்பி விட்டுக்கொடுத்த பங்கும் உங்களுக்குச் சரியாக வந்துவிட்டன. மூன்றில் இரண்டு உங்களுடையது. மீதி ஒன்றை விற்கும் உரிமை விற்றவருக்கு இல்லை.

சரி, வக்கீல் விஷயம். நீங்கள் அனுப்பிய ஒப்பீனியன் நகலை இரண்டு முறை படித்தேன். பார்வையிட்ட ஆவணங்கள் என்று ஒன்பது வரிசையாக இருக்கின்றன: 1986 கிரயப்பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், 2011 விடுதலைப் பத்திரம், பட்டா, 1986 முதலான வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, இன்னும் சில. வாரிசுச் சான்றிதழ் அதில் இல்லை. "விற்பவரும் அவர் தம்பியும் மட்டுமே வாரிசுகள்" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். எதை வைத்து எழுதினார் என்று தேடினால், விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி இருவரும் தாங்களே எழுதிக்கொண்ட ஒரு வரி. சொத்தைப் பிரித்துக்கொள்கிற இரண்டு பேர், எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்று சொன்னதை அப்படியே ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வில்லங்கச் சான்றைப் பார்த்தேன் என்பது இதற்குப் பதில் ஆகாது. பதிவான பத்திரங்கள்தான் வில்லங்கத்தில் வரும். ஒருவர் இறந்தவுடன் சட்டப்படி யார் யாருக்குப் பங்கு போகிறது என்பது அதில் ஒரு நாளும் வராது. பட்டாவும் அப்படித்தான், அது உரிமைப் பத்திரம் இல்லை. சொந்தக்காரர் இறந்து, வாரிசுகள் விற்கிறார்கள் என்றால், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் எங்கே என்பதுதான் பத்திரம் பார்க்கிற எந்த வக்கீலும் கேட்கும் முதல் கேள்வி. அதிலும் பெயர் விட்டுப்போவது உண்டு, அதை வைத்தே உரிமை முடிவாகிவிடாது. ஆனாலும் கேட்காமல் விடுவது சாதாரணக் கவனம்கூட இல்லாத வேலை. "எட்டாயிரம்தானே வாங்கினேன்" என்பதும் எடுபடாது. ஃபீஸ் குறைந்தால் கவனமும் குறையலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

வக்கீல் மேல் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1926-லேயே வந்த வக்கீல் கட்டணச் சட்டத்தின் 5-வது பிரிவு, வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் கவனக்குறைவு வழக்கிலிருந்து தப்ப முடியாது என்கிறது. ஆனால் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம் அல்ல. 14.5.2024 அன்று உச்ச நீதிமன்றம், வக்கீல் தொழிலில் கொடுக்கப்படும் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அதற்கு முந்தைய நிலவரம். மதிப்பீடு செய்த இன்ஜினியர், கட்டிக்கொடுத்த பில்டர் மேல் புகார் என்றால் இன்றும் அங்கே போகலாம். வக்கீல் என்றால் சிவில் கோர்ட்தான்.

சிவில் கோர்ட்டில் கோர்ட் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டில் 2017 வரை ஏழரை சதவீதம் இருந்தது, இப்போது 3 சதவீதம். 42 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு 14 லட்சம், அதற்குக் கட்டணம் 42,000 ரூபாய். பத்திரச் செலவில் ஒரு பங்கு, வழக்குச் செலவு என்று சேர்த்தால் கொஞ்சம் கூடும். முழு 42 லட்சத்தையும் வக்கீலிடம் கேட்டுப் பிராது (வழக்கு மனு) தயார் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் நஷ்டம் அவ்வளவு இல்லை, கட்டணம்தான் வீண்.

காலக்கெடு மூன்று வருஷம். எந்த நாளிலிருந்து என்பதில்தான் வாதம் வரும். சம்மன் வந்த பிறகுதானே நஷ்டமே தெரிந்தது, அன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று நம் பக்கம் சொல்லலாம். ஒப்பந்தப்படி ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாத நாள் 8.11.2023, அன்றே ஓட ஆரம்பித்துவிட்டது என்று அவர் பக்கம் சொல்வார்கள். மோசடியை மறைத்திருந்தால் தெரிந்த நாளிலிருந்து எண்ணச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இங்கே வக்கீல் எதையும் மறைத்ததாகத் தெரியவில்லை, பார்க்காமல் விட்டிருக்கிறார். அதனால் நமக்குப் பாதகமான கணக்கையே பிடித்துக்கொண்டு, 2026 நவம்பர் பிறப்பதற்குள் வழக்கைப் போட்டுவிடுவது நல்லது. பாகப்பிரிவினை வழக்கு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்தத் தேதி தாண்டிப் போய்விடும். இப்போது போட்டுவிட்டு, அந்த வழக்கின் முடிவு வரும்வரை இதை நிறுத்தி வைக்கக் கோர்ட்டைக் கேட்கலாம்.

இதுவரை எல்லாம் உங்களுக்குச் சாதகமாகத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடுகிறது. அக்கா ஒருவர் இருப்பதாக புரோக்கர் முன்கூட்டியே சொன்னார் என்கிறீர்களே, அதை வக்கீலிடம் சொன்னீர்களா?

வக்கீல் மேல் போடும் வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்தப் பதிலில்தான். சொல்லியிருந்தால், மூன்றாவது வாரிசு இருப்பது தெரிந்தும் அவர் விசாரிக்கவில்லை. அதற்கு மேல் அவருக்குப் பேச இடமே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால், "தெரிந்த விஷயத்தை என்னிடம் மறைத்தார்கள், என்னைக் குறை சொல்ல முடியாது" என்பார். அதற்கும் பதில் உண்டு. பங்கு என்பது சட்ட விஷயம், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு உண்டா இல்லையா என்று தெரியாமல்தானே வக்கீலிடம் போகிறோம், யார் யார் வாரிசு என்று கேட்க வேண்டியது அவர் வேலை. இது நியாயமான வாதம்தான். ஆனால் கோர்ட் உங்கள் பக்கமும் கொஞ்சம் பழியைப் போட்டுத் தொகையைக் குறைத்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து நிதானமாக யோசியுங்கள். நண்பர் என்பதால் நேரில் பேசியதைவிட வாட்ஸ்அப்பில் பேசியது அதிகமாக இருக்கும். 2023 அக்டோபர், நவம்பர் மாதத்துச் செய்திகள், அனுப்பிய பத்திர போட்டோக்கள், வாய்ஸ் மெசேஜ்கள் எதையும் அழிக்காதீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்ய இப்போதைய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அசல் போன் கையில் இருந்தால் அது சுலபம். ஃபீஸ் எப்படிக் கொடுத்தீர்கள்? ஜிபே என்றால் ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள். ரொக்கம் என்றாலும், அவர் லெட்டர்பேடில் உங்கள் கணவர் பெயருக்கே ஒப்பீனியன் எழுதியிருப்பதால் கட்சிக்காரர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் பத்திர நகல்கள் அவரிடம் இருந்தால் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கட்சிக்காரரின் ஆவணங்களை ஃபீஸ் பாக்கிக்காகக்கூட வக்கீல் பிடித்து வைக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்ன தீர்ப்பு.

பாகப்பிரிவினை வழக்கில் போடும் எதிர்வழக்குரையையும் இதை மனதில் வைத்தே எழுத வேண்டும். அங்கே "அக்கா இருப்பதே எங்களுக்குத் தெரியாது" என்று எழுதிவிட்டு, இங்கே "அக்காவைப் பற்றி வக்கீலிடம் சொன்னோம்" என்று எழுதினால் இரண்டு வழக்கும் போய்விடும். இரண்டையும் ஒரே வக்கீல் பார்ப்பது உத்தமம். உள்ளூர் வக்கீல்கள் சக வக்கீல் மேல் வழக்குப் போடத் தயங்குவார்கள். கூச்சப்படாமல் தஞ்சாவூரிலோ மதுரையிலோ ஆள் பாருங்கள். எதிர்வழக்குரையில் மறக்காமல் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்துக்கு வேறு நிலம், வீடு ஏதாவது இருந்தால் அதையும் வழக்கில் சேர்த்து, நீங்கள் வாங்கிய இடத்தை விற்றவரின் பங்கில் ஒதுக்கி, அக்காவுக்கு மற்ற சொத்தில் ஈடு கட்டச் சொல்லிக் கேட்கலாம். வாங்கியவர் விஷயத்தில் கோர்ட்டுகள் இதைப் பரிவோடு பார்ப்பது உண்டு. கிராமத்தில் நஞ்சை இருக்கிறதா என்று அந்த ஊர் விஏஓவிடம் விசாரியுங்கள்.

வக்கீலையே பேசிக்கொண்டிருக்கிறோம், முதல் குற்றவாளி விற்றவர்தான். உங்கள் கிரயப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தைப் பாருங்கள். "மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் இருப்பதாகத் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்" என்கிற மாதிரி ஒரு வாசகம் இருக்கும். அது இல்லாவிட்டாலும், விற்கும் உரிமை தனக்கு உண்டு என்று விற்பவர் உத்தரவாதம் கொடுத்ததாகவே சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். கூடப் பிறந்த அக்காவை மறைத்து விற்றது ஏமாற்று வேலை என்று போலீசிலும் புகார் கொடுக்கலாம். 1.7.2024-க்கு முன்னால் நடந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420-தான் வரும். வக்கீலைப் புகாரில் சேர்க்காதீர்கள். தவறான ஒப்பீனியன் கொடுத்தார் என்பதற்காக மட்டும் ஒரு வக்கீலைக் குற்றவாளியாக்க முடியாது, மோசடியில் கூட்டு என்று காட்ட வேண்டும் என்று 2012-ல், வங்கிக்குப் பத்திரம் பார்த்துக் கொடுக்கும் ஒரு பேனல் வக்கீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிவில் வழக்கில் விற்றவர் 1-ம் பிரதிவாதி, வக்கீல் 2-ம் பிரதிவாதி என்று ஒன்றாகவே போடலாம். ஒரே நஷ்டத்தை இரண்டு பேரிடமும் இரண்டு தடவை வாங்க முடியாது, யாரிடம் வசூலாகிறதோ அது.

விற்றவர் பணத்தைச் செலவழித்துவிட்டு வெறுங்கையாக நின்றால்தான் வக்கீல் மேல் போடும் வழக்குக்கு உண்மையான அர்த்தம் வரும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்குக் காப்பீடு கட்டாயம், தீர்ப்பானால் கம்பெனி கொடுத்துவிடும். நம் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லை. தீர்ப்பு வாங்கினாலும் அவருடைய சொந்தச் சொத்திலிருந்துதான் வசூலிக்க வேண்டும்.

வங்கியின் பேனல் வக்கீலும் பார்த்துச் சரி சொன்னாரே என்பீர்கள். அந்த ஃபீஸும் உங்கள் கணக்கில்தான் பிடித்திருப்பார்கள். ஆனால் அந்த ஒப்பீனியன் வங்கிக்கு எழுதியது, வங்கியின் அடமானத்தைக் காப்பாற்ற. அவர் மேல் உங்கள் வழக்கு பலவீனம், அதில் பணத்தைப் போட வேண்டாம். மாதத் தவணையையும் நிறுத்தாதீர்கள். வழக்கு இருக்கிறது என்பது கடனைக் கட்டாமல் இருக்கக் காரணம் ஆகாது.

பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவு இருக்கிறது. கண்டிப்பார்கள், தொழில் செய்யத் தடை போடுவார்கள், பெயரையே நீக்கலாம், ஆனால் உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. சாதாரணக் கவனக்குறைவை ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்வதும் அபூர்வம். சமரசத்துக்கு வழி இருக்கும்போது இதை முதலில் செய்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சமரசத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த அக்கா வீட்டில் வந்து குடியேறப் போவதில்லை, பணம்தான் கேட்பார். கோர்ட் மூலமாகவே மத்தியஸ்தத்துக்கோ லோக் அதாலத்துக்கோ அனுப்பச் சொல்லலாம். இன்றைய விலையில் அவர் பங்குக்கு ஒரு தொகை பேசி முடித்தால், உங்கள் பெயருக்கு அவரிடமிருந்து பதிவான பத்திரம் வாங்குங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு உள்ள சலுகை உங்களுக்குக் கிடையாது, கிரயமாக எழுதினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். அந்தத் தொகையும் செலவும்தான் உங்கள் நஷ்டத்துக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய கணக்கு. ஆனால் பேச்சு முடிவதற்கு முன்பே விற்றவருக்கும் வக்கீலுக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் விட்டு, இன்ன தொகைக்கு முடிக்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று பிற்பாடு கணக்குப் பேசுவார்கள்.

வக்கீல் நண்பர் என்பதால் உங்கள் கணவருக்குச் சங்கடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸ் போவதற்கு முதல் நாள் அவரை நேரில் பார்த்துச் சொல்லிவிடட்டும், அதில் தவறில்லை. அக்காவோடு முடிக்கிற தொகையில் அவரும் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டால் வழக்கே வேண்டாம் என்று கேட்டும் பார்க்கலாம், பலர் பெயர் கெடுவதற்குப் பயந்து ஒப்புக்கொள்வார்கள். "பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னால் போதாது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செப்டம்பர் முடிவதற்குள் பணம் வரவில்லை என்றால் பிராதை எழுதச் சொல்லிவிடுங்கள்.